பழைய சாமானை விற்கப் போய்ப் பணத்தைப் பறிகொடுப்பது எப்படி?

கடையைப் புதுப்பிக்கும்போது பழைய ஃப்ரீசர், கண்ணாடி ஷோகேஸ், இரும்பு ரேக் என்று ஏதாவது மிஞ்சத்தான் செய்கிறது. முன்பெல்லாம் பழைய சாமான் வியாபாரியைக் கூப்பிட்டு, கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவோம். இப்போது பிள்ளைகள் செல்போனில் படம் எடுத்து ஓ.எல்.எக்ஸ்., ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற இணையச் சந்தைகளில் போட்டுவிடுகிறார்கள். நல்ல விலை கிடைக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வாங்குகிறவன் போல வந்து விற்கிறவரிடமே பணம் கறக்கும் கூட்டமும் அங்கே உலவுகிறது.

திருவொற்றியூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததை, அவர் சம்மதத்துடன் பெயர் சொல்லாமல் எழுதுகிறோம். பழைய ஃப்ரீசர் ஒன்றுக்கு 22,000 ரூபாய் விலை போட்டிருந்தார். பத்தே நிமிடத்தில் போன் வந்ததாம். பேசியவன் தன்னைத் தொழில் பாதுகாப்புப் படைக்காரன் என்றும், எண்ணூர் துறைமுகத்துக்கு மாற்றலாகி வருவதாகவும் சொல்லி, சீருடைப் படத்துடன் அடையாள அட்டையும் அனுப்பினான். நம் பக்கம் துறைமுகமும் தொழிற்சாலைகளும் நிறைந்தது. சீருடைக்காரர்கள் தினமும் நம் கடைகளுக்கு வந்து போகிறவர்கள். ஆகவே அவருக்குச் சந்தேகம் எழவில்லை. ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை என்பதுதான் நமக்கு உறுத்துகிறது. பொருளை நேரில் பார்க்காமல், பேரம் பேசாமல் பழைய ஃப்ரீசர் வாங்குகிறவனை நாற்பது வருட வியாபாரத்தில் நாம் கண்டதில்லை.

முதலில் 5 ரூபாய் அனுப்பி, வந்ததா என்று கேட்டான். வந்திருந்தது. அடுத்து ஒரு க்யூ.ஆர். படத்தை அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணி 22,000 போட்டு, பின் நம்பரை அழுத்துங்க சார், உங்க கணக்குல ஏறிடும். எங்க படைக் கணக்கு இப்படித்தான்" என்றான். அழுத்தினார். பணம் போயிற்று. "ஏதோ தவறு, இன்னொரு தடவை போட்டால் இரண்டும் சேர்ந்து திரும்பிவிடும்" என்றான். மறுபடியும் அழுத்தினார். ஆக மொத்தம் 44,000 ரூபாய்.

இதில் உள்ள சூட்சுமத்தை நம் கணக்குப் புத்தக வழக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். பின் நம்பர் என்பது செக்கில் போடும் கையெழுத்து. பணம் கொடுப்பவர்தான் செக்கில் கையெழுத்திடுவார், வாங்குகிறவர் அல்ல. அதுபோல யு.பி.ஐ.யில் பணம் நம் கணக்குக்கு வர, நாம் ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். நம் கடை வாசலில் ஒட்டியிருக்கும் அட்டையை வாடிக்கையாளர்தானே ஸ்கேன் செய்கிறார்? அந்த அட்டையின் இடத்தில் அவன் தன் அட்டையை வைத்து, நம்மை வாடிக்கையாளர் ஆக்கிவிடுகிறான். பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பி ஏமாற்றும் முறையும் இருந்தது. தனிநபர்களுக்கிடையே அவ்வாறு கோருவதைத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தச் சொல்லிவிட்டது. க்யூ.ஆர். வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று எண்ண வேண்டாம். 2021 பிப்ரவரியில் டில்லியில் அப்போதைய முதலமைச்சர் குடும்பத்திலேயே, ஒரு சோபாவை விற்கப் போய் இதே முறையில் 34,000 ரூபாய் பறிபோனது. அங்கும் முதலில் சிறு தொகை வந்து நம்பிக்கை ஊட்டியது.

வேறு தந்திரங்களும் உண்டு. பணம் அனுப்பிவிட்டதாகப் பொய்யான ஸ்கிரீன்ஷாட் காட்டிப் பொருளை ஏற்றிப் போவது ஒன்று. 2,200க்குப் பதில் 22,000 அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று வங்கிச் செய்தி போல ஒன்றை அனுப்புவது இன்னொன்று. வங்கிச் செய்தி சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வராது. எதுவாயினும் நம் கணக்கைத் திறந்து, வரவு ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும், பணத்தையும் திருப்ப வேண்டும்.

நம் உறுப்பினர் செய்த பெரிய பிழை, ஏமாந்தது அல்ல. மகன் என்ன சொல்வானோ என்ற வெட்கத்தில் இரண்டு நாள் வெளியே சொல்லாமல் இருந்ததுதான். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் அதை நிறுத்திவைக்க முயற்சி எடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நிமிடக் கணக்கில் ஓடிவிடுகிறது. பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம், அவனுடைய போன் எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். பேச்சுவார்த்தைகளை அழித்துவிடக் கூடாது. வங்கிக்கும் தெரிவித்து, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிய வேண்டும். வங்கியில் "உங்கள் பின் நம்பர் போட்டுத்தானே போயிருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்காகப் புகாரை விட்டுவிடலாகாது.

அவர் மூன்றாம் நாள் புகார் கொடுத்தார். அதற்குள் அந்தக் கணக்கு காலியாகியிருந்தது. ஃப்ரீசரைப் பிறகு தண்டையார்பேட்டை டீக்கடைக்காரர் ஒருவர் நேரில் வந்து, பிளக்கைப் போட்டுப் பார்த்து, ஒரு மணி நேரம் பேரம் பேசி, 17,000 ரூபாயை ரொக்கமாக எண்ணி வைத்து எடுத்துப்போனார்.