செயற்கைப் பல்வேரும் தாடையென்பும்

இயற்கைப் பல் தாடையென்பில் நேரே பதிந்திருப்பதன்று. பல்வேருக்கும் அதனைத் தாங்கும் என்புக் குழிக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள நார்ப்படை ஒன்று உளது. கடிக்கும்போது பல் சிறிது அமிழ்கின்றது, நார்கள் இழுபடுகின்றன, விசை வேரின் சுற்றெங்கும் பரவி என்பை அடைகின்றது. அப்படையிலே நரம்பு முனைகளும் உள. சோற்றிற் கிடக்கும் சிறுகல்லை உணர்ந்து தாடை சட்டென நின்றுவிடுவது பெரிதும் அவற்றாலேயாம்.

செயற்கை வேரைச் சூழ இப்படை இல்லை. சுவீடன் நாட்டறிஞர் பிரோனமார்க், 1950களில் முயலின் என்பினுள்ளே தைத்தேனியம் என்னும் உலோகத்தாலான கருவியைப் பொருத்திக் குருதியோட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்தபின் அதனைக் கழற்ற முயன்றபோது அது என்போடு ஒன்றிப்போயிருக்கக் கண்டார். 1965 இல் அவ்வுலோகத்தாலான வேர்கள் முதன்முதலாக மனிதரொருவரின் தாடையிற் பொருத்தப்பட்டன.

இவ்வாறு ஒன்றிவிடுதலே இம்முறையின் வெற்றி. இதன் இடர்ப்பாடும் அதுவே. இயற்கைப் பல் கடிவிசையால் 25 முதல் 100 மைக்கிரோமீற்றர் வரை அமிழக்கூடும். செயற்கை வேரோ 3 முதல் 5 மைக்கிரோமீற்றரளவே அசையும். அன்றியும், தைத்தேனியம் தாடையின் வன்மையான புறவென்பினும் ஐந்து மடங்குக்குக் குறையாத விறைப்புடையது. விறைப்பில் வேறுபட்ட இரு பொருள்கள் ஒன்றிணைந்து பாரந் தாங்கும்போது, அவை முதலிற் சந்திக்கும் இடத்திலேயே தகைப்பு மிகும். ஆகவே கடிவிசையின் தாக்கம் வேரின் அடிநுனியில் அன்றி, ஈறையடுத்த கழுத்துப் பகுதியிலேயே பெரிதும் செறிகின்றது.

விசையின் அளவினும் அதன் திசையே பெரிதும் கருதத்தக்கது. வேரின் நெட்டச்சு வழியே இறங்கும் விசையை என்பு நன்கு தாங்கும். பக்கவாட்டில் வரும் விசையோ வேரை வளைக்க முற்பட்டு, கழுத்தின் ஒருபுறத்தை அமுக்கி மறுபுறத்தை இழுக்கும். என்பு அமுக்கத்தைத் தாங்குமளவுக்கு இழுவையைத் தாங்காது. அறுக்குமாறு சறுக்கும் விசையை இன்னுங் குறைவாகவே தாங்கும். வேரைத் திருகாணிபோற் புரியிட்டு அமைப்பதன் காரணம் இதுவே. புரியின் சரிவுகள் சறுக்கும் விசையின் பெரும்பகுதியை அமுக்கமாக மாற்றுவதோடு, என்பைத் தொடும் பரப்பையும் பெருக்குகின்றன. மேலே வைக்கும் பல்லின் முகடுகளைத் தாழ்த்தி, அதன் மேற்பரப்பைச் சற்றே ஒடுக்குவதும் பக்க விசையைக் குறைத்தற்பொருட்டே.

இவையெல்லாம் வேர் ஊன்றியபின் நிகழ்வன. வேலிக்கு நட்ட கிளுவைக் கதியாலை வேர்கொள்ளுமுன் அசைத்தால் அது பிழைப்பதரிது. செயற்கை வேரின் நிலையும் அத்தகையதே. ஆறுங் காலத்தில் அது 100 மைக்கிரோமீற்றரளவுக்கு மேல் அசையுமாயின், என்புக்குப் பதிலாக நாரிழையமே அதனைச் சூழ்ந்து வளர்ந்துவிடக்கூடும். இது இயற்கைப் பல்லின் ஒழுங்கான நார்ப்படை போன்றதன்று, வெறுந் தழும்பு. அவ்வேர் ஆடும், பயன்படாது. பிரோனமார்க்கின் முறையிலே கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும் மேற்றாடைக்கு ஆறு மாதமும் பாரமின்றி விட்டுவைத்தமை இதுபற்றியே.

என்பு உயிருள்ள பொருள்; தன்மேல் வரும் விசைக்கேற்பத் தன்னைத் திருத்தியமைப்பது. செருமானிய வைத்தியர் வூல்ப் 1892 இல் இதனை நூலாக விளக்கினார். அளவான விசை என்பைப் பேணும். விசை அறவே இல்லாவிடின் அது தேயும். பல் பிடுங்கிய இடத்திலே தாடை மெலிவது இதனாலாம். மிகையான விசை இடையறாது வந்தாலோ, என்பு தன்னைத் திருத்திக்கொள்ளுமுன் நுண்ணிய வெடிப்புகள் பெருகும்.

நரம்புடைய நார்ப்படை இன்மையால், செயற்கை வேருடையோர் தாம் கடிக்கும் வலுவை முன்போல் நுண்மையாக உணர்வதில்லை. ஆதலின், உறக்கத்திற் பல் நெருடும் வழக்கமுள்ளோருக்கு வேர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதும், இரவில் அணியப் பற்கவசம் கொடுப்பதும் பல்வைத்தியர் வழக்கம்.