மூட்டு வலிக்கு வெந்நீர்

நடவிலும் களையெடுப்பிலும் ஆண்டுக்கணக்கில் குனிந்து உழைத்த உடலுக்கு, ஐம்பது வயதிற்குப் பின் முழங்கால் வலியும் இடுப்பு வலியும் வந்து சேர்வது பெரும்பாலும் காணக்கூடியதே. மாலையில் வெந்நீர் விட்டுக்கொண்டால் அவ்வலி அடங்கும் என்பதை நம் கிராம மக்கள் அனுபவத்தால் அறிவார்கள். அவ்வழக்கத்தில் உள்ள பயன் எவ்வளவு, அபாயம் எங்கே என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாய அன்பர்களும் தெரிந்துகொள்ளுதல் நலம்.

வெதுவெதுப்பான நீர், தோலை அடுத்துள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. இறுகிய தசைகள் தளர்கின்றன. மூட்டின் விறைப்பும் குறைகிறது. ஆயினும் தேய்ந்துபோன குருத்தெலும்பு இதனால் மீண்டும் வளர்வதில்லை. கிடைப்பது சிறிது நேர நிவாரணமே. அந்த நேரத்தில் காலை மெதுவாக நீட்டி மடக்கிப் பழகினால்தான் குளிப்பின் பயன் நிலைக்கும்.

நீருக்குத் தாங்கும் சக்தியும் உண்டு. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் ஏறக்குறையப் பாதியையே சுமக்கின்றன. ஆகவே தரையில் நடக்க மறுக்கும் முழங்கால், நீருக்குள் நடக்க இசைகிறது. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வுக்கு நீருக்குள் செய்யும் பயிற்சி குறித்த 13 ஆய்வுகளை 2016-ஆம் ஆண்டில் ஒருங்கே ஆராய்ந்தபோது, வலியும் இயலாமையும் சிறிதளவு, சில காலத்திற்குக் குறைந்தமை தெரியவந்தது. பெரிய நகரங்களின் மருத்துவமனைகளில் இதற்கெனக் குளங்கள் உண்டு. நமக்குப் பம்பு செட்டுத் தொட்டி போதும். படியும் பிடிமானமும் இருக்கவேண்டும், துணைக்கு ஒருவர் நிற்கவேண்டும். கிணற்றில் இறங்குவது இதற்கு ஏற்றதன்று.

குளிக்கும் நீரின் சூடு 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். கொதிநீர் ஒரு பங்குக்குச் சாதாரண நீர் ஐந்து அல்லது ஆறு பங்கு கலந்தால் இச்சூடு கிடைக்கும். பலர் பாதிக்குப் பாதி விளாவுகிறார்கள். அந்நீர் 60 டிகிரியைத் தாண்டித் தோலை வேகச் செய்துவிடும். முதலில் தண்ணீரையும் பிறகு கொதிநீரையும் ஊற்றுவதே முறை. நொச்சி இலை போட்டுக் காய்ச்சுவோர் போடலாம். ஆனால் அதற்கும் விளாவுதல் அவசியம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அந்நோயினால் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கலாம், சூடு தெரியாது. எமது ஒன்றியத்தில் முதியவர் ஒருவர் கால்வலிக்கென்று அண்டாவில் வைத்த பாதங்களை எடுத்தபோது கொப்புளம் கண்டிருந்தது. புண் ஆறாமல் இரண்டு விரல்களை இழந்தார். இத்தகையோர் தம் காலால் சூடு பார்த்தல் கூடாது. வீட்டார் முழங்கையை நனைத்துப் பார்த்துச் சொல்லவேண்டும்.

மூட்டு சிவந்து, வீங்கி, காய்ச்சலும் கண்டால் வெந்நீர் வேண்டாம். அன்றே மருத்துவரிடம் செல்க. இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் முன்னரே ஆலோசனை பெறவேண்டும். கால் மணி நேரத்திற்கு மேல் வெந்நீரில் இருப்பவர் சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழக்கூடும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியதும் உண்டு. பொதுக் குளியலறைகளின் வழுக்கும் தரையைச் சொரசொரப்பாக்கி, சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதிக்கலாம். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இயன்முறைச் சிகிச்சையை வீட்டிற்கே கொண்டுவர வழிசெய்தது. நடக்க முடியாதவர்களின் பெயர்களைத் துணை சுகாதார நிலையத்தில் அங்கத்தினர்கள் எழுதிக் கொடுக்கலாம்.