கிளியர் ஏரி: நீரின் தரமும் நீர்விளையாட்டும்

கிளியர் ஏரி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே லேக் கவுண்டி என்னும் மாவட்டத்தில் அமைந்துள்ளது. முழுவதும் கலிபோர்னியாவின் எல்லைக்குள் அடங்கிய இயற்கை நன்னீர் ஏரிகளில் இதுவே பெரியது. (இதைவிடப் பெரிதான டாகோ ஏரியின் ஒரு பகுதி நெவாடா மாநிலத்தைச் சேர்ந்தது.) இதன் பரப்பு ஏறத்தாழ 176 சதுர கிலோமீட்டர். ஆனால் சராசரி ஆழம் 8 மீட்டர்தான். மிக ஆழமான இடத்திலும் 18 மீட்டர் அளவே. கோனோக்டி என்னும் எரிமலை ஏரிக்கரையிலேயே எழுந்து நிற்கிறது. வடமேற்கில் அகன்ற மேல் கிளை, கிழக்கே ஓக்ஸ் கிளை, தென்கிழக்கே கீழ்க் கிளை என ஏரி மூன்று பிரிவாகக் கிடக்கிறது.

'கிளியர்' என்றால் தெளிந்தது என்று பொருள். கோடையில் இந்த ஏரியைப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயர் வேடிக்கையாகத் தோன்றும். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சில கரையோரங்களில் நீர் பச்சை வண்ணச் சாயத்தைக் கொட்டியதுபோலத் தடித்துக் கிடக்கும். அதே மாதங்களில்தான் படகோட்டவும் நீந்தவும் தூண்டில் போடவும் பயணிகள் வருகிறார்கள். நீர் எப்போது விளையாடத் தக்கது, எப்போது தகாதது என்ற கேள்வி இவ்வூர் மக்களுக்கு ஆண்டுதோறும் எழுகிறது.

ஏரி ஏன் பச்சையாகிறது?

கிளியர் ஏரி மிகப் பழமையானது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் ஏரியின் அடியிலிருந்து துளையிட்டு எடுத்த படிவுகள், இங்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆண்டுகளாக ஏரி இருந்து வந்திருப்பதைக் காட்டின. ஆழமில்லாத, வெயில் மிகுந்த, எரிமலை மண் சூழ்ந்த இந்த ஏரி மனிதன் தலையிடுவதற்கு முன்பே ஊட்டம் நிறைந்ததுதான். ஆகவே, 'தெளிவாக இருந்த ஏரியை மனிதன் கெடுத்தான்' என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. வளமான ஏரியை மனிதன் அளவுமீறி வளமாக்கினான் என்பதே பொருத்தம்.

நீரில் பாஸ்பரஸ், நைட்ரஜன் முதலிய ஊட்டப்பொருள்கள் மிகுந்து தாவர உயிர்கள் பெருகுவதை மிகையூட்டம் என்கிறோம். பள்ளிப் பாடங்களில் இதற்குக் காரணமாகச் சாக்கடையும் உரமுமே முதலில் சொல்லப்படும். கிளியர் ஏரியில் முக்கியமான காரணம் மண். பாஸ்பரஸ் மண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு பயணிக்கும். மலைச்சரிவுகளில் சாலை போடுதல், மரம் வெட்டுதல், சுரங்கம் தோண்டுதல், நிலம் திருத்துதல் ஆகியவற்றால் தளர்ந்த மண்ணை மழைக்கால ஓடைகள் ஏரிக்குக் கொண்டு வந்தன. 1920களுக்குப் பின், மண்வாரி எந்திரங்கள் வந்தபோது இது வேகமெடுத்தது.

இதோடு இன்னொன்றும் நடந்தது. ஏரியின் வடமுனையில் ஓடைகள் வந்து சேரும் இடத்தில் முன்பு டூலே எனப்படும் உயரமான கோரைகள் அடர்ந்த சதுப்பு நிலம் இருந்தது. ஓடைநீர் அந்தக் கோரைக்குள் வேகம் தணிந்து, மண்ணை அங்கேயே வண்டலாக விட்டுவிட்டு ஏரிக்குள் இறங்கும். கரை கட்டி அந்தச் சதுப்பை வயலாக்கியபோது வடிகட்டி போய்விட்டது. கலங்கல் நீர் நேரே ஏரிக்கு வந்தது.

வந்து சேர்ந்த பாஸ்பரஸ் ஏரியின் அடிச்சேற்றில் தங்குகிறது. சேற்றுக்கு மேலுள்ள நீரில் ஆக்சிஜன் இருக்கும்வரை அது இரும்புடன் பிணைந்து அடங்கியிருக்கும். வெயில் காலத்தில் காற்று அடங்கி அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அந்தப் பிணைப்பு அவிழ்கிறது. பாஸ்பரஸ் மீண்டும் நீரில் கரைந்து மேலே வருகிறது. அதை உண்டு பாசி பெருகுகிறது. பாசி மடிந்து அடியில் விழுந்து அழுகும்போது மேலும் ஆக்சிஜன் செலவாகிறது. மேலும் பாஸ்பரஸ் வெளிவருகிறது. வெளியிலிருந்து ஒரு துளி கூட வராத கோடையிலும் ஏரி தன் சேற்றிலிருந்தே தனக்கு உரமிட்டுக்கொள்கிறது. இந்த ஏரியைத் திருத்துவது கடினமாக இருப்பதற்கு இதுவே மூல காரணம்.

இங்கு பெருகுபவற்றைப் பேச்சுவழக்கில் நீலப்பச்சைப்பாசி என்றாலும் அவை உண்மையான பாசிகள் அல்ல. ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்கள். அறிவியலில் சயனோபாக்டீரியா எனப்படும். மைக்ரோசிஸ்டிஸ், அபானிசோமினான், அனபீனா, லிங்பியா ஆகியவை இந்த ஏரியில் முக்கியமானவை. இவற்றுள் சில காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாமே நிலைநிறுத்திக்கொள்ளும். ஆகவே நீரில் நைட்ரஜன் குறைந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை. பலவற்றின் செல்லுக்குள் நுண்ணிய வளிப்பைகள் உண்டு. அவற்றால் மிதந்து மேலே வந்து ஒளியைப் பிடித்துக்கொள்ளும். மிதப்பதால் காற்றடிக்கும் பக்கம் ஒதுங்கும். இங்கே பெரும்பாலும் மேற்கு, வடமேற்கிலிருந்து காற்று வீசுவதால் ஓக்ஸ் கிளையிலும் கீழ்க் கிளையிலும் பாசி வந்து குவிகிறது. ஒரே நாளில் ஒரு கரை நீந்தத் தக்கதாகவும், சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரை நாற்றமெடுத்தும் இருப்பதற்குக் காற்றின் திசையே காரணம்.

பூச்சியும் பறவையும்

பொழுதுபோக்குக்காக ஏரியைத் திருத்தப் போய் நேர்ந்த கேடு ஒன்று உலகச் சுற்றுச்சூழல் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. ஊட்டம் மிகுந்த ஏரியில் பூச்சிகளும் மிகும். கிளியர் ஏரியில் கொசுவைப் போலத் தோன்றும், ஆனால் கடிக்காத ஒருவகைச் சிறு பூச்சி கோடை இரவுகளில் விளக்கைச் சுற்றி மேகமாக மொய்த்தது. இதனால் விடுதிக்காரர்களும் பயணிகளும் சலித்துப்போனார்கள். டிடிடிக்கு நெருங்கிய உறவான, மீனுக்குக் கேடு குறைந்தது எனக் கருதப்பட்ட டிடிடீ என்ற டைகுளோரோ சேர்மத்தை 1949இல் ஏரியில் கலந்தார்கள். அளவு மிகக் குறைவு. ஏறத்தாழ ஏழு கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு. பூச்சி ஒழிந்ததுபோல் தோன்றி மீண்டும் வந்தது. 1954இலும் 1957இலும் ஐந்து கோடிக்கு ஒரு பங்கு என்ற அளவில் மறுபடியும் கலந்தார்கள்.

1954ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து மேற்கத்திய முக்குளிப்பான் என்னும் நீர்ப்பறவைகள் செத்து மிதக்கத் தொடங்கின. நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. பின்னர் அவற்றின் கொழுப்பைச் சோதித்தபோது அந்த மருந்து பத்து லட்சத்தில் 1,600 பங்கு வரை இருந்தது. நீரில் கலந்த அளவோ பத்து லட்சத்தில் 0.02 பங்குதான். நீரிலிருந்து மிதவை நுண்ணுயிர்களுக்கும், அவற்றைத் தின்ற சிறுமீன்களுக்கும், அவற்றைத் தின்ற பெருமீன்களுக்கும், கடைசியில் பறவைக்கும் படிக்குப் படி அது செறிந்து சென்றிருக்கிறது. எண்பதாயிரம் மடங்கு! உயிரிய உருப்பெருக்கத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைகள் கூடுகட்டிய ஏரியில் 1960 அளவில் 30 இணைகளே எஞ்சின. ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட 'சைலண்ட் ஸ்பிரிங்' நூலில் இந்த நிகழ்ச்சியை எடுத்துக் காட்டினார்.

இன்று முக்குளிப்பான்கள் திரும்பியுள்ளன. இணைசேரும் பருவத்தில் இரண்டு பறவைகள் நிமிர்ந்து நீர்மேல் ஓடும் காட்சியைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். அவற்றின் கூடுகள் நீரில் மிதப்பவை. கோரையை ஒட்டி வேகமாகப் போகும் விசைப்படகின் அலை போதும், முட்டைகள் நீரில் உருண்டுவிடும்.

அறிவிப்புப் பலகைகள்

சயனோபாக்டீரியா எல்லா நேரமும் நஞ்சை உண்டாக்குவதில்லை. உண்டாக்கும்போது அதை நிறத்தாலோ மணத்தாலோ அறிய முடியாது. ஆய்வகச் சோதனை வேண்டும். மைக்ரோசிஸ்டின் என்பது கல்லீரலைத் தாக்கும். அனடாக்சின் நரம்பைத் தாக்கும். நீந்துபவர்களுக்குத் தோல் அரிப்பு, கண் எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்படலாம். ஆழமில்லாத கரையில் விளையாடித் தண்ணீரை விழுங்கும் சிறு குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். அவர்களைவிடவும் நாய்களுக்கு அதிகம். அவை பாசி நீரைக் குடிப்பதோடு, மேலே ஒட்டிய பாசியையும் நக்கிவிடும்.

இந்த ஏரியில் நஞ்சளவைத் தொடர்ந்து சோதிக்கும் பணியை 2014இல் தொடங்கியவர்கள் ஏரிக்கரையின் தொல்குடிகளான போமோ மக்கள். பிக் வேலி, எலெம் ஆகிய இரு போமோ சமூகங்களின் சுற்றுச்சூழல் பிரிவுகள் கரையோர இடங்களில் நீர் எடுத்துச் சோதித்து முடிவுகளை எல்லாருக்கும் வெளியிடுகின்றன. மீன்பிடித்தலும் கோரை அறுத்தலும் சடங்குகளும் இந்த நீரோடு பிணைந்தவர்களுக்கு ஏரி விடுமுறைக்கு மட்டும் உரிய இடமல்ல.

கலிபோர்னியாவில் மூன்று நிலை எச்சரிக்கை உண்டு. மைக்ரோசிஸ்டின் ஒரு லிட்டரில் 0.8 மைக்ரோகிராமை எட்டினால் 'கவனம்' பலகை: நீந்தலாம், ஆனால் பாசிப் படலத்தை நெருங்கக் கூடாது. 6 மைக்ரோகிராமில் 'எச்சரிக்கை': நீந்தக் கூடாது, பிடித்த மீனின் குடலை நீக்கி, சதையைக் குழாய்நீரில் கழுவியே சமைக்க வேண்டும். 20 மைக்ரோகிராமில் 'அபாயம்': நீரில் இறங்கவே கூடாது. கிளியர் ஏரியின் கிழக்குக் கரைகளில் இந்த மூன்றாம் எல்லை பலமுறை தாண்டப்பட்டுள்ளது.

பலகை இல்லாத கரையில் நிற்பவருக்கு ஓர் எளிய சோதனை உதவும். நீண்ட குச்சியால் பாசியைத் தொட்டுத் தூக்க வேண்டும். தலைமுடி போல இழை இழையாகத் தொங்கினால் அது பெரும்பாலும் தீங்கற்ற பச்சைப்பாசி. குச்சியில் வண்ணம் பூசியதுபோல ஒட்டி வந்தால் சயனோபாக்டீரியாவாக இருக்கலாம். இது நஞ்சு உண்டா இல்லையா என்று சொல்லாது. விலகி நிற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க மட்டும் போதும்.

குடிநீரும் மீனும்

ஏரியைச் சுற்றியுள்ள பல குடிநீர் நிலையங்கள் இந்த நீரைத்தான் சுத்திகரித்து வழங்குகின்றன. அங்கே வடிகட்டலும் கரிமப் பொடியும் ஓசோனும் பயன்படுகின்றன. கவலைக்குரியவர்கள், ஏரிக்குள் சொந்தமாகக் குழாய் இறக்கித் தண்ணீர் எடுக்கும் கரையோர வீட்டுக்காரர்கள். 'கொதிக்க வைத்தால் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கை இங்கே எடுபடாது. மைக்ரோசிஸ்டின் கொதிநிலையில் அழிவதில்லை. நீர் ஆவியாகக் குறையக் குறைய நஞ்சின் செறிவு கூடவே செய்யும். செல்கள் உடைந்து உள்ளிருக்கும் நஞ்சும் வெளிவரும்.

மீன் விஷயத்தில் இன்னொரு பழைய கணக்கு பாக்கியிருக்கிறது. லார்ஜ்மவுத் பாஸ் மீன் பிடிக்கும் போட்டிகளுக்கு இந்த ஏரி நாடெங்கும் பெயர் பெற்றது. பாசியை வளர்க்கும் அதே ஊட்டம்தான் மீனையும் கொழுக்க வைக்கிறது. ஏரி ஒரேயடியாகத் தெளிந்துவிட்டால் தூண்டில்காரர்கள் எல்லாரும் மகிழ்வார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஓக்ஸ் கிளையின் கிழக்குக் கோடியில், எலெம் குடியிருப்பை ஒட்டி, சல்பர் பேங்க் பாதரசச் சுரங்கம் உள்ளது. 1865 முதல் 1957 வரை விட்டுவிட்டு இயங்கிய அதன் கழிவு ஏரியில் கலந்தது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீனில் சேர்கிறது. நீந்துவதால் இது உடலில் ஏறுவதில்லை, உண்பதால்தான் ஏறும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் எந்த மீனை எவ்வளவு உண்ணலாம் என்று மாநில அரசு தனி அறிவுரை வெளியிட்டுள்ளது. பிடித்த மீனைத் திரும்ப விடுபவருக்கு இது பெரிதல்ல. அந்த மீனையே உணவாக நம்பிய போமோ குடும்பங்களுக்குப் பெரிது. சுரங்கம் 1990இல் கூட்டாட்சி அரசின் தூய்மைப்படுத்தும் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

திருத்தும் முயற்சிகள்

தாமிர சல்பேட் போன்றவற்றைத் தூவிப் பாசியைக் கொல்வது விரைவான வழிதான். ஆனால் கொல்லப்பட்ட செல்கள் உடையும்போது நஞ்சு முழுவதும் நீரில் கலக்கும். அழுகலால் ஆக்சிஜன் குறைந்து மீன்களும் சாகலாம். பாஸ்பரஸின் வரத்தைக் குறைப்பதே அடிப்படை. 2006இல் வட்டார நீர்த்தர வாரியம் ஏரிக்கு வந்து சேரும் பாஸ்பரஸை 40 விழுக்காடு குறைக்க இலக்கு வகுத்தது. மிடில் கிரீக் ஓடையின் முகத்தில் கரைகளை உடைத்து, ஏறத்தாழ 670 எக்டேர் நிலத்தை மீண்டும் சதுப்பாக்கும் திட்டம் இதன் உயிர்நாடி. வயலாக்கிய நிலத்தை ஒவ்வோர் உரிமையாளரிடமிருந்தும் விலைக்கு வாங்கியாக வேண்டியிருப்பதால் அது மெல்லத்தான் நகர்கிறது. 2017இல் மாநிலச் சட்டமன்றம் ஏரியின் மீட்புக்கெனக் குழு ஒன்றை அமைத்தது. போமோ சமூகங்கள், உள்ளாட்சியினர், ஆய்வாளர்கள் ஆகியோர் அதில் உள்ளனர். டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏரியின் நீரோட்டம், வெப்பநிலை, ஆக்சிஜன் அளவுகளைக் கருவிகளால் பதிவு செய்து வருகிறார்கள். அடிநீருக்கு ஆக்சிஜன் செலுத்தி, பாஸ்பரஸைச் சேற்றிலேயே அடக்கி வைக்க முடியுமா என்ற யோசனை அந்தப் பதிவுகளிலிருந்து பிறந்தது.

சேற்றில் ஏற்கெனவே படிந்துள்ள பாஸ்பரஸ் தீரப் பல்லாண்டுகள் ஆகும். வரத்து முழுவதையும் இன்றே நிறுத்தினாலும் அடுத்த கோடையில் பாசி வரும். அதுவரை கிழக்குக் கரைக்கு நீந்தப் போகிறவர்கள் முதலில் பலகையையும் பிறகு காற்றின் திசையையும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.