கடலே இல்லாத ஆரணியில் கடல்வழி கண்டுபிடிக்கக் கத்துக்க முடியுமா?

ஆரணிக்கு மிக அருகில் உள்ள கடற்கரைக்கே 80 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பட்டுத்தறிக்குப் பேர்போன இந்த ஊரில் உட்கார்ந்தபடி, நடுக்கடலில் பாய்மரப் படகுக்கு வழி கண்டுபிடிப்பது எப்படின்னு படிக்க முடியுமா? தியரி மட்டும் என்றால், தாராளமாக.

பிரிட்டனில் பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். குளிர்காலத்தில் படகைக் கரையேற்றி வைத்துவிட்டு, சாயங்கால வகுப்பில் கடல் வரைபடம், திசைகாட்டி, அலை ஏற்ற இறக்கம் எல்லாம் படிப்பார்கள். கோடையில்தான் தண்ணீரில் இறங்குவது. நமக்குத் தோதான காலம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வரும் தை, மாசி. ராத்திரி வானம் பளிச்சென்று இருக்கும்.

ஜிபிஎஸ் இருக்கே, அப்புறம் எதுக்கு?

2025 ஜூனில் ஹார்முஸ் நீரிணைப் பகுதியில் நூற்றுக்கணக்கான கப்பல்களின் ஜிபிஎஸ் சிக்னல் குழம்பிப்போனது. கடலில் நிற்கும் கப்பல், திரையில் தரை மேல் நிற்பதுபோலத் தெரியும். அமெரிக்கக் கடற்படை அகாடமி 1990-களின் இறுதியில் கைவிட்ட விண்மீன் வழிப் பாடத்தை 2015-ல் திரும்பக் கொண்டுவந்தது, சும்மா பழைய பாசத்தில் அல்ல.

சின்னப் படகில் இது இன்னும் சீரியஸ். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும், கேரளத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 'தாரிணி' என்ற 56 அடி பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, உலகத்தைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். வழியில் பாயிண்ட் நீமோவைக் கடந்தார்கள். அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் 2,600 கிலோமீட்டருக்கு மேல் தரையே கிடையாது. அங்கே கருவி படுத்துவிட்டால் யாரிடம் வழி கேட்பது?

மொட்டை மாடியில் முதல் பாடம்

துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை. ஆரணிக்கு அது 12.7 டிகிரி. கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் சுமார் 10 டிகிரி. அதன் மேல் இரண்டு விரல் வைத்தால் கிட்டத்தட்ட நட்சத்திரம் வந்துவிடும். கன்னியாகுமரியில் ஒரு முஷ்டிகூட வராது.

கொஞ்சம் துல்லியம் வேண்டுமா? ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியின் நடுவில் ஒரு நூல் கட்டி, நுனியில் எடை தொங்கவிடுங்கள். (ஆரணியில் நூலுக்கா பஞ்சம்?) பாகைமானியின் நேர் விளிம்பு வழியாக நட்சத்திரத்தைப் பாருங்கள். நூல் காட்டும் எண்ணை 90-லிருந்து கழித்தால் உயரம் கிடைக்கும்.

ஆனால் துருவ நட்சத்திரம் சரியாகத் துருவத்தின் மேல் இல்லை. அரை டிகிரிக்குக் கொஞ்சம் அதிகமாகவே விலகி நிற்கிறது. அரை டிகிரிதானேன்னு விட முடியாது. ஒரு டிகிரி அட்சரேகை 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். அரை டிகிரி தப்பினால் 55 கிலோமீட்டர் தப்பும். இந்த விலகலைத் திருத்தத்தான் மாலுமிகள் 'நாட்டிகல் அல்மனாக்' என்ற புத்தகம் வைத்திருக்கிறார்கள். கடலோடிகளின் பஞ்சாங்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் மாலுமிகள் இதே வேலையை ஒரு சின்னப் பலகையை வைத்தே செய்தார்கள். அதற்கு இராப்பலகை என்று பேர். அரபிகள் கமால் என்றார்கள். பலகையில் கட்டிய கயிற்றில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு முடிச்சு. முடிச்சைப் பல்லில் கடித்துப் பலகையை நீட்டினால், கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு நட்சத்திரத்தையும் தொட வேண்டும். தொட்டால் அந்தத் துறைமுகத்தின் அட்சரேகைக்கு வந்துவிட்டீர்கள்.

கஷ்டமான பாதி

தீர்க்கரேகைக்குக் கடிகாரம் வேண்டும். பூமி 4 நிமிடத்தில் ஒரு டிகிரி சுழல்கிறது. நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்கை வைத்து ஓடுகிறது, ஆரணியோ 79.3 டிகிரி. அதனால் சூரியன் இங்கே சராசரியாக 13 நிமிடம் லேட். ஜனவரி நடுவில் பூமியின் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து இன்னொரு 9 நிமிடம் கூட்டும். ஆக, உச்சி வெயில் 12.22 வாக்கில். குச்சி நட்டு நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைக் குறித்தால் நீங்களே சரிபார்க்கலாம். கடலில் இந்தக் கணக்கு ஈவிரக்கம் இல்லாதது: கடிகாரம் 4 விநாடி தவறினால், நிலநடுக்கோட்டில் ஒரு கடல் மைல் தள்ளிப்போய்விடுவீர்கள்.

இதையே தொழிலாக எடுக்க நினைப்பவர்களுக்கு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் நாட்டிகல் சயின்ஸ் படிப்பு இருக்கிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். ஐஎம்யு செட் என்ற நுழைவுத் தேர்வும் உண்டு.