வீடு தேடி வரும் ஊர்

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

அந்த வீட்டுக்காரர் தென்னை மரம் ஏறும் தொழிலாளி. வயது 45. ஒருநாள் மரத்திலிருந்து தவறி விழுந்தார். முதுகுத்தண்டில் பலத்த அடி. உயிர் தப்பியது. ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இனி எழுந்து நடக்க முடியாது. சில மாதங்கள் மருத்துவமனையில் இருந்தார். பிறகு, "வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் வாரம் ஊரே வந்து பார்த்தது. பழமும் ரொட்டியும் குவிந்தன. இரண்டாவது மாதம் உறவினர்கள் மட்டும் வந்தார்கள். ஆறாவது மாதம் யாரும் வரவில்லை.

அவருடைய மனைவி கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இப்போது போக முடியவில்லை. கணவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். கழுவிவிட வேண்டும். சோறு கொடுக்க வேண்டும். வீட்டில் கண் மங்கிய மாமியாரும் இருக்கிறார். இரண்டு பேர் கூலியும் நின்றுவிட்டது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் இனி பள்ளிக்குப் போவாளா? அதுவும் தெரியவில்லை.

இப்படி ஒரு வீடு எந்த ஊரிலும் இருக்கும். இந்த வீட்டுக்கு ஊர் என்ன செய்ய வேண்டும்? கேரளத்தில் கோழிக்கோடு, மலப்புறம் பகுதி மக்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அதைத் தெரிந்துகொள்வோம்.

தொடங்கியது எப்படி?

1993ஆம் ஆண்டு. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சங்கம் தொடங்கியது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் ஆகியோரும், அசோக் குமார் என்ற தொண்டரும் சேர்ந்து தொடங்கினார்கள். புற்றுநோய் முற்றியவர்களின் வலியைக் குறைப்பதுதான் முதல் வேலை.

சில நோய்களைக் குணப்படுத்த முடியாது. ஆனால் வலியைக் குறைக்க முடியும். புண்ணை ஆற்ற முடியும். மனத்துக்குத் தெம்பு தர முடியும். இதற்குத் தணிப்புச் சிகிச்சை என்று பெயர். மலையாளத்தில் இதைச் சாந்த்வனம் என்கிறார்கள். சாந்த்வனம் என்றால் ஆறுதல்.

சிகிச்சை தொடங்கியதும் ஒரு உண்மை தெரிந்தது. மிகவும் கஷ்டப்படுகிறவர்கள் மருத்துவமனைக்கு வரவே இல்லை. அவர்களால் படுக்கையை விட்டு எழ முடியாது. வண்டிக்குக் கொடுக்கப் பணமும் இல்லை.

இன்னொரு உண்மையும் தெரிந்தது. மருத்துவரும் நர்ஸும் ஒரு நோயாளியோடு சிறிது நேரம்தான் இருக்க முடியும். மீதி நேரமெல்லாம் அவர் வீட்டில்தான் இருக்கிறார். அந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர் யார்? அண்டை வீட்டுக்காரர்தான்.

எனவே 2000ஆம் ஆண்டை ஒட்டி, மலப்புறம் மாவட்டத்தில் புதிய ஏற்பாடு வந்தது. ஊர் மக்களே பொறுப்பு எடுத்துக்கொண்டார்கள். மருத்துவரும் நர்ஸும் அவர்களுக்குத் துணையாக நின்றார்கள். புற்றுநோய் வந்தவர்களை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. பக்கவாதம் வந்தவர்கள், முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், மனநோய் உள்ளவர்கள், முதுமையால் படுத்துவிட்டவர்கள் எல்லோரையும் பார்த்தார்கள்.

முதல் வேலை: கண்டுபிடிப்பது

படுத்திருப்பவர் தெருவுக்கு வருவதில்லை. கூட்டத்துக்கு வருவதில்லை. மனு கொடுக்கவும் வருவதில்லை. அதனால் ஊர் அவரை மறந்துவிடுகிறது. அவரை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

எழுத்தறிவு இயக்கத்தில் என்ன செய்தார்கள்? தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் யார் என்று கணக்கெடுத்தார்கள். 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் பெரிய விழா நடந்தது. கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது என்று அங்கே அறிவித்தவர் சேலக்கோடன் ஆயிஷா. அவர் மலப்புறம் மாவட்டத்துக்காரர். முதிய வயதில் எழுதப் படிக்கக் கற்றவர்.

இங்கேயும் அதே முறைதான். யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்? யார் தனியாக இருக்கிறார்? ஒவ்வொரு தெருவிலும் உள்ள தொண்டர் இதைத் தெரிந்து வந்து சொல்கிறார். பெயர் நோட்டில் ஏறுகிறது. பிறகு குழு அந்த வீட்டுக்குப் போகிறது.

தொண்டர் ஆவது யார்?

ஆசிரியர், மாணவர், ஆட்டோ ஓட்டுநர், கடைக்காரர், வீட்டில் இருக்கும் பெண் என யாரும் தொண்டர் ஆகலாம். வாரத்தில் இரண்டு மணி நேரம் கொடுத்தால் போதும். ஆனால் பயிற்சி கட்டாயம். 16 மணி நேரம் வகுப்பு நடக்கும். பிறகு நான்கு நாள் குழுவோடு போய்ப் பார்த்துக் கற்க வேண்டும்.

எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது என்பதுதான் முக்கியமான பாடம். "எல்லாம் சரியாகிவிடும்" என்று பொய் சொல்லக் கூடாது. ஒரு வீட்டில் கேட்டதை டீக்கடையில் பேசக் கூடாது. தானாக மருந்து கொடுக்கக் கூடாது. சாதி, மதம், கட்சி பார்க்கக் கூடாது.

வீட்டில் என்ன நடக்கிறது?

ஒரு வண்டி வந்து நிற்கிறது. ஒரு நர்ஸ் இறங்குகிறார். கூட இரண்டு தொண்டர்கள் வருகிறார்கள். தேவைப்படும்போது மருத்துவரும் வருவார்.

நர்ஸ் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுகிறார். சிறுநீர் டியூபை மாற்றுகிறார். மருந்து கொடுக்கிறார். தொண்டர் வீட்டுப் பெண்ணிடம் கேட்கிறார்: "சேச்சி, நேற்று ராத்திரி தூங்கினீர்களா?"

இது சின்னக் கேள்விதான். ஆனால் பல மாதமாக அந்தப் பெண்ணிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. எல்லோரும் படுத்திருப்பவரைப் பற்றித்தான் கேட்டார்கள். பார்த்துக்கொள்கிறவருக்கும் உடம்பு வலிக்கும். அவருக்கும் அழுகை வரும். அவருக்கும் ஓய்வு வேண்டும். அவர் படுத்துவிட்டால் வீடே படுத்துவிடும்.

வீட்டில் உள்ளவர்களுக்குச் சில வேலைகளைக் கற்றுத் தருகிறார்கள். படுக்கைப் புண் வராமல் தடுப்பது அதில் ஒன்று. ஒரே பக்கம் படுத்திருந்தால் அந்த இடம் அழுந்துகிறது. அங்கே இரத்தம் ஓடுவதில்லை. தோல் செத்துப் புண்ணாகிறது. குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில்தான் இது அதிகம் வரும்.

தடுப்பது எப்படி? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். துணி ஈரமாக இருக்கக் கூடாது. விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். இதைச் செய்யாததால் உயிரை இழந்தவர்கள் உண்டு.

பணம் எங்கிருந்து வருகிறது?

இந்த ஏற்பாடு பணக்காரர்களை நம்பித் தொடங்கவில்லை. கடைகளில் உண்டியல் வைத்தார்கள். பலர் கொடுத்தது ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும்தான். பள்ளிப் பிள்ளைகள் வசூல் செய்தார்கள். பஸ் தொழிலாளர்கள் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 15 கேரளத்தில் தணிப்புச் சிகிச்சை நாள். அன்றும் மக்களிடம் நிதி திரட்டுகிறார்கள்.

சில்லறைக் காசில் ஒரு நன்மை உண்டு. காசு போட்டவர் எல்லோருக்கும் அது சொந்தக் காரியம் ஆகிறது. "நம்ம கிளினிக்" என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்தப் பணம் மருந்துக்கு மட்டும் போவதில்லை. வருமானம் நின்ற வீட்டுக்கு அரிசி போகிறது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவி போகிறது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் பலருக்குக் குடை செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே குடை செய்கிறார்கள். மழைக்காலத்துக்கு முன் அந்தக் குடைகள் விற்கின்றன. அவர்கள் கையிலும் சொந்தக் காசு வருகிறது.

அரசின் பொறுப்பு

தொண்டரால் எல்லாம் முடியுமா? முடியாது. தொண்டருக்குக் கல்யாணம் ஆகும். வெளியூர் போவார். உண்டியல் ஒரு மாதம் நிறையும், ஒரு மாதம் நிறையாது. ஆனால் படுத்திருப்பவருக்கு ஒவ்வொரு மாதமும் மருந்து வேண்டும். எனவே அரசு கட்டாயம் வர வேண்டும்.

2008ஆம் ஆண்டு கேரள அரசு தணிப்புச் சிகிச்சைக்கு ஒரு கொள்கையை அறிவித்தது. இந்திய மாநிலங்களில் இதுதான் முதல். அதன்பின் பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் இந்த வேலையில் இறங்கின. நர்ஸுக்குச் சம்பளம், வண்டி, மருந்து ஆகியவற்றை உள்ளாட்சி கொடுக்கிறது. ஆஷா ஊழியர்களும் கூடப் போகிறார்கள்.

நகரங்களில் வயோமித்ரம் என்று ஒரு திட்டம் உண்டு. 65 வயது கடந்தவர்களுக்காக மருத்துவ வண்டி அவர்கள் இருக்கும் பகுதிக்கே வருகிறது. பரிசோதனை செய்து மருந்தை இலவசமாகத் தருகிறார்கள். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு பட்ஸ் பள்ளிகள் உண்டு. உள்ளாட்சிகள் இவற்றை நடத்துகின்றன. பகலில் பிள்ளை பள்ளியில் இருக்கும். தாய் வேலைக்குப் போகலாம்.

இது தருமமா? உரிமையா?

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயது கடந்தவர்கள் 10 கோடிக்கும் மேல். மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம். இவர்கள் யாரும் பிச்சை கேட்கவில்லை. இவர்களுக்குச் சட்டத்தில் உரிமை உண்டு.

2007இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. வசதி இருந்தும் பிள்ளைகள் கவனிக்காவிட்டால் இந்தச் சட்டப்படி மனு கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை.

2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. முன்பு 7 வகை ஊனங்களைத்தான் சட்டம் ஏற்றது. இப்போது 21 வகைகளை ஏற்கிறது. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் இருந்தால் பல சலுகைகள் கிடைக்கும். அதற்கு மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் வேண்டும். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணில் பேசலாம்.

அலுவலகங்களில் படிக்கட்டு மட்டும் இருந்தால் போதாது. சக்கர நாற்காலி ஏற சரிவுப் பாதை வேண்டும். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும். அதைவிடக் குத்தாக இருந்தால் தள்ள முடியாது. உருண்டு விழும் ஆபத்தும் உண்டு.

மறுபடி அந்த வீட்டுக்குப் போவோம்

மரம் ஏறும் தொழிலாளிக்குக் கால் திரும்பி வராது. அது உண்மை. ஊர் கூடினாலும் அதை மாற்ற முடியாது.

ஆனால் குழு வந்தால் படுக்கைப் புண் வராமல் தடுக்கலாம். வாரம் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தால் மனைவி சந்தைக்குப் போய் வரலாம். தொண்டர் ஒருவர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் மாமியாருக்கு ஓய்வூதியம் வரலாம். மகள் பத்தாம் வகுப்புக்குப் போகலாம். அவரே சக்கர நாற்காலியில் வாசலுக்கு வரலாம். வருகிறவர் போகிறவரிடம் பேசலாம். மறுபடியும் ஊரில் ஒருவராக இருக்கலாம்.

நமக்கும் வயதாகும். நாமும் ஒருநாள் படுக்கலாம். அன்று நம் வாசலுக்கு யார் வருவார்? இன்று நாம் யார் வாசலுக்குப் போகிறோம்?

கூடிப் பேசுவோம்

1. நம் தெருவில் வெளியே வர முடியாமல் இருப்பவர்கள் யார், யார்? பெயர்களை எழுதுங்கள்.

2. அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர் யார்? அவருக்கு ஓய்வு கிடைக்கிறதா?

3. ஓய்வூதியமும் அடையாள அட்டையும் கிடைக்காதவர்கள் உண்டா? அவர்களுக்கு விண்ணப்பம் எழுத நம்மில் யார் உதவுவார்கள்?

4. பஞ்சாயத்து அலுவலகம், ரேஷன் கடை, பள்ளி ஆகியவற்றில் சரிவுப் பாதை இருக்கிறதா?