உளைச்சல் உடம்பை விட்டு எங்கே போனது?

ஆழாக்கு, உழக்கு, மரக்கால் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்று நாம் அடிக்கடி அங்கலாய்க்கிறோம். ஆனால், அதற்காகப் பிள்ளைகளைக் குறை சொல்வதில் நியாயமில்லை. 1958-லிருந்து மெட்ரிக் அளவுகள் வந்தன, படி போய் கிலோ வந்தது. பொருள் போனால் பேரும் கூடவே போகும். உறி தொங்காத வீட்டில் 'உறி' என்ற சொல்லுக்கு என்ன வேலை?

ஆனால் சகோதரிகளே, போகாத ஒன்றுக்கான சொற்களும் நம் வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. வலிக்கான சொற்களைத்தான் சொல்கிறேன். வலி எங்கேயும் போய்விடவில்லையே!

நம் பாட்டிமார்கள் வெறுமனே 'வலிக்குது' என்று சொல்லமாட்டார்கள். நடந்து களைத்த காலுக்கு உளைச்சல். எலும்புக்குள் துளைப்பது போலிருந்தால் குடைச்சல். தேள் கொட்டினால் கடுப்பு. ஊசி இறங்கினாற்போல் இருந்தால் குத்தல். பழுத்த கட்டி 'விண் விண்'ணென்று தெறிக்கும். தொண்டை கமறும். நெஞ்சு கரிக்கும். வெகுநேரம் மடக்கி வைத்த கால் மதமதத்துப் போகும், திமிர்த்துப் போகும்.

இந்தச் சொற்களில் பல இன்றும் இருக்கின்றன. ஆனால் இடம் மாறிவிட்டன. உளைச்சல் என்றால் இப்போது மன உளைச்சல்தான். கடுப்பு என்றால் யார் மேலோ உள்ள கோபம். குடைச்சல், மேலதிகாரி கொடுப்பது. திமிர், அடுத்த வீட்டுக்காரிக்கு இருப்பது! கால் திமிராக இருக்கிறது என்று பாட்டி சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். உடம்புக்கு மிச்சமிருப்பது 'பெயின்' என்ற ஒற்றைச் சொல்தான்.

இதிலென்ன நஷ்டம் என்று கேட்கலாம். எங்கள் தெருவில் ஓர் ஆச்சியை அவருடைய பேத்தி டாக்டரிடம் அழைத்துப் போனாள். "காலு உளையுது ஐயா, உள்ளங்காலு தீயா எரியுது, விரலெல்லாம் மதமதன்னு கெடக்கு" என்றார் ஆச்சி. பேத்தி சுருக்கமாக, "லெக் பெயின் டாக்டர்" என்றாள். நல்லவேளை, டாக்டர் வயதானவர். "நீங்க சொன்னதையே இன்னொரு தடவை சொல்லுங்க ஆச்சி" என்று கேட்டு, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சர்க்கரை ஏகத்துக்கு இருந்தது. சர்க்கரை நோய் நரம்பைத் தாக்கினால் பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் வரும். மரத்துப்போன பாதத்தில் புண் வந்தாலும் தெரியாது. வலி மாத்திரையோடு வீட்டுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நெஞ்சு விஷயத்தில் இது இன்னும் முக்கியம். மாரடைப்பு வரும்போது எல்லாருக்கும் 'வலி' வருவதில்லை. "வலியில்லைம்மா, நெஞ்சுல பாறாங்கல்லை வச்சு அழுத்தின மாதிரி இருக்கு, மூச்சு முட்டுது" என்று ஒரு பெரியவர் சொன்னால், அதைக் கேட்டு 'வலி இல்லையாம்' என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வலியின் தன்மையைக் கேட்டறிய வெளிநாட்டில் பட்டியலே போட்டிருக்கிறார்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் 1975-ல் ஒரு வினாத்தாள் வெளியிட்டார். அதில் வலியை விவரிக்க 78 சொற்கள், 20 பிரிவுகளில் இருக்கின்றன. நம் ஆச்சிகளிடம் அப்படியொரு பட்டியல் வாய்மொழியாகவே இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். இத்தனை விதமாகச் சொல்ல வேண்டுமென்றால், பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படி இருக்கு, குத்துதா, இழுக்குதா?" என்று கேட்க ஒருவர் இருக்க வேண்டும். தைலம் தேய்த்துக்கொண்டே கேட்ட மகளும் மருமகளும் இருந்தவரை சொற்களும் இருந்தன. இப்போது கேட்க நேரமில்லை. அவர்களும் 'ஒண்ணுமில்லை' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள்.

ஆகவே ஒரு சின்ன யோசனை. பெரியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போது அவர்கள் சொல்வதை ஒரு துண்டுக் காகிதத்தில் அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். டாக்டரிடம் அதை அப்படியே படித்துக் காட்டுங்கள். குழந்தை 'வயிறு வலிக்குது' என்று வந்தால், முறுக்குதா, எரியுதா, சுருக்கென்று குத்துதா என்று கேளுங்கள். மருந்துக்கும் உதவும், நாலு நல்ல தமிழ்ச் சொல்லும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.

உங்கள் ஊரில் வலிக்கு வேறென்ன சொற்கள் இருக்கின்றன? எழுதுங்களேன்!

- ஒரு குடும்பத் தலைவி, திருநெல்வேலி