நோய் ஒன்று, மாத்திரை ஏன் இரண்டு?

உயர் இரத்த அழுத்தத்திற்கு மருந்து பெறுவோர் பலர் கேட்கும் வினா இது. இரண்டில் ஒன்று பெரும்பாலும் ‘நீர் மாத்திரை’ எனப்படும் சிறுநீர்ப்பெருக்கியாக இருக்கும். மற்றொன்று மிகையென்று எண்ணித் தாமாகவே நிறுத்திவிடுவோரும் உளர். அவ்வாறு நிறுத்தலாகாது என்பதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி எலிகளிடமிருந்து கிடைத்தது.

1963-இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒகமோட்டோ, அவோகி ஆகிய இருவரும் பரம்பரையாகவே உயர் இரத்த அழுத்தம் கொண்ட ஓர் எலி வகையை உருவாக்கியதை வெளியிட்டனர். உப்பைக் கூட்டிக் கொடுக்காமலே இவ்வெலிகளின் அழுத்தம் இளமையிலேயே ஏறத் தொடங்கும். வளர்ந்தபின் 180-ஐத் தாண்டும். (நமக்குக் கையில் கட்டும் பட்டையை எலிக்கு வாலில் கட்டி அளப்பர்.)

இவ்வெலிகளுக்குச் சிறுநீர்ப்பெருக்கி கொடுத்தபோது உப்பும் நீரும் வெளியேறின. ஆயினும் அழுத்தம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. இரத்தத்தில் ரெனின் உயர்ந்திருந்தது. ரெனின் என்பது சிறுநீரகம் வெளியிடும் பொருள். உடலில் உப்பும் நீரும் குறையும்போது, அது மருந்தினாலா, வயிற்றுப்போக்கினாலா, இரத்தப்போக்கினாலா என்று சிறுநீரகம் பிரித்தறிவதில்லை. இருப்பதைக் காக்க முனைகிறது. ரெனினின் தூண்டுதலால் ஆஞ்சியோடென்சின் உருவாகி இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் சுரக்கும் ஆல்டோஸ்டீரோன் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. மருந்து ஒரு கதவைத் திறக்க, உடல் மற்றொன்றை அடைக்கிறது எனலாம். ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது அழுத்தம் நன்றாகவே தணிந்தது.

மனிதரிடத்தும் இதே எதிர்வினை உண்டு. ராமிபிரில், எனலாபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை நீர் மாத்திரையுடன் சேர்த்துத் தரப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பொட்டாசிய இழப்பையும் இவை குறைக்கின்றன. எனினும் எலியில் கண்டதனைத்தும் எல்லோருக்கும் பொருந்தாது. முதியோர் பலரிடம் ரெனின் இயல்பாகவே குறைந்திருக்கும். அவர்களுக்கு நீர் மாத்திரை மட்டுமே போதுமானதாகலாம். ஆகவே பக்கத்து வீட்டாரின் மருந்துச்சீட்டுடன் உங்களுடையதை ஒப்பிட வேண்டா.

இவ்விரு மருந்துகளையும் சேர்த்து உண்போர் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவற்றைக் கடையில் தாமாகவே வாங்கி உட்கொள்வதுதான் எங்களுக்குப் பெருங்கவலை அளிக்கிறது. சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளை அவை குறைத்துவிடும். மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டாலும் உடனே மருத்துவரைக் கேளுங்கள். சில நாள்களுக்கு மாத்திரையை நிறுத்திவைக்குமாறு அவர் கூறலாம். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையை, உடல்நலம் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், குறித்த நாளில் செய்துகொள்ளுங்கள்.